பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு என்ன வரி?

வலிகாமத்தான்:
யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. நாலு பூட்டிக் கிடக்கிறது. போன ஆவணியில் அதில் ஒன்றுக்குப் புதுக் கேற் போட்டார்கள். றிமோட்டை அழுத்தினால் தானாகத் திறக்கும். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து கோயில் தேருக்கு வந்து பத்து நாள் நின்றார்கள், போய்விட்டார்கள். இப்போது திறந்து உள்ளே போக ஆளில்லை. அந்த மதிலுக்கு வெளியே நிற்கிற கம்பத்தில் லைற் எரிந்து இரண்டு வருடமாகிறது. ஊர்ச் சபையில் கேட்டால் காசில்லையாம்.

ஒழுங்கைக் கடைசி வீட்டு அக்கா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவ. காஸ் சிலிண்டர், போனுக்கு ரீலோட், சவர்க்காரம், எதை வாங்கினாலும் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிறா. கேற் போட்டவருக்கும் அதே 18 தான். 2019 கடைசியில் வற்றை 15 இலிருந்து 8 ஆக இறக்கினார்கள். வருடத்துக்கு 30 கோடி ரூபா வரைக்கும் விற்கிறவர்கள் வற்றுக்குப் பதியவே தேவையில்லை என்றும் விட்டார்கள். 2022 சித்திரையில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. பிறகு 12, பிறகு 15, 2024 தையிலிருந்து 18. குறைத்தபோது யாருக்கு இலாபம், கூட்டியபோது யார் தலையில் பாரம் என்று நீங்களே பாருங்கள்.

காசு இருக்கிற இடத்தில் வரி எடுக்க இந்த நாட்டுக்கு ஏன் கை கூசுகிறது? நாங்கள் எங்கள் ஊரிலிருந்து தொடங்குவோம். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குச் சோலை வரியை, அதுதான் ஊர்ச் சபை எடுக்கிற வீட்டு வரியை, இரண்டு மடங்காக்க வேண்டும் என்கிறேன்.

நெல்லியடிக் கடை:
தம்பி, அந்தக் கேற் யாருடைய காசு? பனிக்குள் நின்று இரண்டு வேலை செய்து உழைத்த காசு. 2022 இல் பெற்றோல் வரிசையில் விடிய விடிய நின்றோமே, அப்போது இந்த ஊர்ச் சனம் பட்டினி கிடக்காததற்கு அரசாங்கமா காரணம்? மாதம் முடிய வெளியிலிருந்து வந்த காசுதான். என் கடைக் கொப்பியில் கடன் தீர்ந்ததெல்லாம் அப்படித்தான்.

சரி, வரியைக் கூட்டுவோம். யாரிடம் கொடுக்கிறது? 2020 ஐப்பசியில் சீனிக்கு இறக்குமதி வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கினார்கள். நான் அப்போதும் சீனி விற்றவன். வரி இறங்கின அளவுக்கு மூட்டை விலை இறங்கவேயில்லை. இடையில் நின்றவன் அள்ளிக்கொண்டு போனான். 2023 கார்த்திகையில் உயர் நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள், நெருக்கடிக்கு அவர்களும் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் உமக்கோ எனக்கோ ஒரு சதம் திரும்பி வந்ததா? அடி ஓட்டையான வாளியைத் தந்து இன்னும் நிறைய அள்ளு என்கிறீர்.

வலிகாமத்தான்:
அண்ணை, சீனிக் கதை என் பக்கத்துச் சாட்சியல்லவா? அது வரி எடுத்ததால் வந்த கேடில்லை, வேண்டியவர்களுக்கு வரியை விட்டுக் கொடுத்ததால் வந்த கேடு. 2022 இல் அரச வருமானம் நாட்டு மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 8 ஐச் சுற்றித்தான் நின்றது. அந்தக் காசுக்குள் இலவசப் பள்ளிக்கூடமும் இலவச ஆஸ்பத்திரியும் எப்படி நடத்துகிறது? கடன் வாங்கித்தான் நடத்தினார்கள்.

பழைய கிளாக்கர்:
இரண்டு பேரும் ஒன்றைத் தவற விடுகிறீர்கள். நான் ஒரு உள்ளூராட்சிச் சபையில் வருமானப் பகுதியில் 27 வருடம் இருந்தவன்.

சோலை வரி கொழும்புக்குப் போவதில்லை. வற், வருமான வரி எல்லாம் அங்கே போகும். சோலை வரி உங்கள் சபைக்குத்தான் வரும். வீட்டின் வருடாந்தப் பெறுமதியைக் கணித்து, அதில் இத்தனை வீதம் என்று எடுக்கிறது. தை 31 க்கு முன் முழு வருடக் காசையும் கட்டினால் 10 வீதம் கழிவு. பிரச்சினை வீதத்தில் இல்லை, மதிப்பீட்டில் இருக்கிறது. ஓட்டுக்கூரையும் மண் முற்றமுமாக இருந்த காலத்துப் பெறுமதியை வைத்துக்கொண்டு, இப்போது மாபிள் பதித்த மாடி வீட்டுக்கு வரி எழுதுகிற கூத்தை நானே செய்திருக்கிறேன். திருத்தப் போனால் உறுப்பினர் ஒருவர் வந்து 'ஐயா, அது எங்கட ஆக்களின்ர வீடு' என்பார். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்றில்லை, எல்லாரும் வருவார்கள்.

இன்னொன்று. மாரி தொடங்கினால் டெங்குப் பரிசோதகர் ஒழுங்கை ஒழுங்கையாக வருவார். பூட்டிக் கிடக்கிற வளவுக்குள் அவர் எப்படிப் போவது? மதில் ஏறிக் குதித்த பெடியன்களைத் தெரியும். உள்ளே தண்ணீர்த் தொட்டி மூடி திறந்தபடி கிடக்கும். நுளம்புக்குப் புகை அடிக்கிற செலவு சபைக்கு. காய்ச்சல் வருகிறது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

கடற்கரைக்காரி:
எல்லாரும் வரி எடுக்கிறதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எடுத்ததை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன்.

எனக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம், கட்டம் கட்டமாகத் தந்தார்கள். லின்டல் மட்டத்தில் கல் விலையும் சீமெந்து விலையும் ஏறி, காசு முடிந்தது. கூரை இல்லாமல் மழைக்குள் எப்படி இருக்கிறது? கிழமைக் கடன் எடுத்தேன். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவவின் வாசலில் போய் இருக்க வேண்டும். நானும் இருந்திருக்கிறேன், என் வாசலிலும் இருந்திருக்கிறார்கள்.

2023 இல் அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப்பணம், அதைப் பதிய ஆள் வந்தது. போனை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது. சுவர் என்ன? கல். கூரை? ஓடு. மலசலகூடம்? இருக்கு. கரண்ட்? இருக்கு. வீட்டுக்குள் எத்தனை கடன் புத்தகம் இருக்கு என்று கேட்கவில்லை. ஆக வறிய குடும்பத்துக்கு 15,000 என்றார்கள். எனக்கு 2,500 கூட இல்லை. மேன்முறையீடு எழுதினேன், பதில் கடிதம் இன்னும் வரவில்லை. வீட்டைக் கட்டி முடித்ததுதான் நான் விட்ட பிழை.

வலிகாமத்தான் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் இப்போது ஒரு பூட்டின வீட்டைக் கூட்டித் துடைக்கிறேன், மாதம் 5,000. நீங்கள் வரியைக் கூட்டி அவர்கள் வீட்டை விற்றால் எனக்கு அதுவும் போகும்.

வலிகாமத்தான்:
அக்கா, நீங்கள் சொன்னதுக்கு என்னிடம் நேர் பதில் இல்லை. அந்த 5,000 போகக் கூடாது. ஆனால் உங்கள் வாழ்க்கை வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் நல்ல மனதில் தொங்கிக்கொண்டு இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்காபரோ:
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இனிப் பொறுக்க முடியாது. நாங்கள் வீட்டைப் பூட்டி வைத்திருப்பது பவுசுக்கு என்று நினைக்கிறீர்களா? 1990 இல் வலிகாமம் வடக்கில் எங்கள் பதினான்கு பரப்புக் காணியை விட்டு உடுத்த உடுப்போடு ஓடினோம். அது உயர் பாதுகாப்பு வலயமானது. எத்தனை வருடம் இராணுவம் அதில் இருந்தது! எங்கள் குடும்பத்துக்கு வாடகை என்று ஒரு ரூபா வந்ததில்லை. இப்போது அம்மா வழி வீடு ஒன்றுதான் மிச்சம். அதையும் கவனிக்காமல் விட்டால் யார் தன் பெயருக்குக் காணி உறுதி முடித்து எடுப்பான் என்று தெரியாது. எங்கள் காணியைப் பிடித்து வைத்திருந்த அரசாங்கத்துக்கு இந்த வீட்டுக்கும் நாங்கள் இரட்டை வரி கட்ட வேண்டுமா?

நெல்லியடிக் கடை:
இதுதான் கதை. பதில் சொல்லும், தம்பி.

வலிகாமத்தான்:
காணி விசயத்தில் அண்ணைக்கு நடந்தது அநியாயம், அதில் மறு கதையில்லை. ஆனால் கிளாக்கர் ஐயா சொன்னதை வாசியுங்கள்: அரசாங்கம் வேறு, உங்கள் ஊர்ச் சபை வேறு.

அண்ணை ஸ்காபரோவில் இருக்கிறீர்கள் என்றால் அது டொரொன்டோ நகரசபைக்குள். அங்கே ஆளில்லாத வீட்டுக்கு 2022 ஆம் ஆண்டிலிருந்து தனி வரி இருக்கிறது. தொடக்கத்தில் வீட்டுப் பெறுமதியில் நூற்றுக்கு 1, 2024 க்கு 3 ஆக்கினார்கள். வழக்கமான சொத்து வரிக்கு மேலதான் அது. அங்கே வருடா வருடம் 'வீட்டில் ஆள் இருக்கிறோம்' என்று அறிவித்துக்கொண்டு, இங்கே சொன்னால் மட்டும் அநியாயம் என்கிறீர்கள்.

ஸ்காபரோ:
அங்கே வரி கட்டினால் விடிய எழும்ப முன் பனி அள்ள வண்டி வந்து நிற்கும். உங்கள் கம்பத்தில் லைற்றே எரியவில்லை என்று முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நெல்லியடிக் கடை:
நானும் அதைத்தான் சொல்கிறேன். வரி கட்ட மாட்டேன் என்கிறவன் இல்லை நான். என் கடையில் நிற்கிற பெடியனுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறேன், 12 வீதம் நான், 8 வீதம் அவன். 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள் அல்லவா? வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடாமல் விட்டார்கள். கை வைத்தது இந்த நிதியில். பெடியனுக்கு ஐம்பத்தைந்து வயதில் வரப்போகிற காசு அது. இதை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துகிறது? கொடுக்கிறதில் பிரச்சினையில்லை, கொடுத்த பிறகு அது எங்கே போகிறது என்று பார்க்க வழி வேண்டும்.

பழைய கிளாக்கர்:
வழி இருந்தது, பாவிக்கவில்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013 இல் ஒரே ஒரு தேர்தல் நடந்தது, 2018 ஐப்பசியில் காலம் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே இல்லை. ஆளுநர் நடத்துகிறார். உள்ளூராட்சிச் சபைகளும் 2023 பங்குனியில் கலைந்து 2025 வைகாசித் தேர்தல் வரைக்கும் உறுப்பினர் இல்லாமல் செயலாளரோடு ஓடின. கேள்வி கேட்க மேசையே இல்லாத காலம் அது.

இப்போது மேசை வந்திருக்கிறது. சபை மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம். நான் போன முறை போனேன். பார்வையாளர் வாங்கில் நானும் ஒரு பத்திரிகைக்காரத் தம்பியும்தான்.

வலிகாமத்தான்:
அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன். மதிப்பீட்டை எப்போது திருத்தினீர்கள் என்று மட்டும் கேட்போம்.

ஸ்காபரோ அண்ணை, ஒரு கேள்வி. கோபிக்கக் கூடாது. உங்கள் அம்மா வழி வீட்டுக்குச் சோலை வரி வருடத்துக்கு எவ்வளவு?

ஸ்காபரோ:
மாமிதான் கட்டுகிறவ. நான் கேட்டதில்லை. இருங்கள், அங்கே விடிந்திருக்கும், கேட்டுச் சொல்கிறேன்.

நெல்லியடிக் கடை:
கேளும், கேளும். கடையைப் பூட்ட முன் சொன்னால் நல்லது.

ஸ்காபரோ:
கதைத்தேன். ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறா. வருடத்துக்கு 1,440 ரூபா.

கடற்கரைக்காரி:
மாதம் 120.

ஸ்காபரோ:
இல்லை அக்கா, அதுவுமில்லை. மாமி தையிலேயே கட்டிப்போட்டாவாம். கழிவு போக 1,296.