ஆச்சி வீட்டு குரூப்: மோட்டார் ரூம் சாவி யார்ட்ட?

வெள்ளிக்கிழமை

கணேஷ்: எல்லாருக்கும் ஒரு விசயம். ஞாயித்துக்கிழமை காலைல திருப்புடைமருதூர்ல இருந்து நம்ம தோப்பு படித்துறை வரைக்கும் படகுத்தடம் வேலை இருக்கு, அதான் ஆத்துல படகு போறதுக்கு வழி பண்ணுதது. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) முக்காவாசி எடுத்தாச்சு. முக்கூடலுக்குக் கீழ ஒரு மருதமரம் குறுக்க விழுந்து கெடக்கு, அதுல ஒரு படகு நொழையுத அளவுக்கு மட்டும் கொப்பக் கழிக்கணும். முடிச்சிட்டு படகு ரெண்டையும் நம்ம மோட்டார் ரூம்ல வச்சிக்கிடலாமான்னு பையங்க கேக்காங்க. சாவி யார்ட்ட இருக்கு?

இசக்கி: அப்பாட்ட

இசக்கி: நான் சொன்னேன்னு சொல்லாத

கோமதி அத்தை: ஏல கூறுகெட்டவனே உங்க அப்பனும் இந்த குரூப்புலதான இருக்கான்

இசக்கி: 🤦

செல்வி மதினி: (ஃபார்வேர்ட்) 🚨அவசரம்🚨 பாபநாசம் அணை நிரம்பி வழிகிறது தாமிரபரணி கரையோர மக்கள் உடனே வெளியேறவும் அனைவருக்கும் பகிரவும்

செல்வி மதினி: தம்பி இது என்ன, கீழத்தெரு குரூப்புல வந்துச்சு. இவரு வேற பிள்ளையளையும் கூட்டிட்டு வாரேன்னு நிக்காரு

சங்கரன் பெரியப்பா: செல்வி, இது 2023 டிசம்பர்ல சுத்துன மெசேஜ். அந்த 17, 18 தேதி வெள்ளத்துக்குப் பொறவு மேற்க மேகம் கறுத்தாலே எவனாவது எடுத்து விடுதான். அணை நெலவரம் தெரியணும்னா பேப்பர்ல தெனமும் போடுதான்லா. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இது அணையோட உயரம், இன்னைக்கு இருக்க தண்ணி இல்ல, நெறைய பேரு ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடுதாவ. இப்பம் ஆத்துல வாரது கார் நெல் சாகுபடிக்கு விடுத தண்ணி. ஆத்துத் தண்ணி எட்டு அணைக்கட்டுலயும் பிரிஞ்சு பிரிஞ்சு கால்வாய்க்குப் போவும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசில ஸ்ரீவைகுண்டம். நம்ம தோப்பு அரியநாயகிபுரத்துக்கு மேல இருக்கு. அந்த ஆத்தங்கரை எவ்வளவு முக்கியம்னு பாகம் பிரிக்கும்போதே சொன்னேன், எவனும் காதுல வாங்கல.

இசக்கி: கருவூர்ச் சித்தர் அக்கரைல நின்னு கூப்டப்போ நம்ம திருப்புடைமருதூர் கோயில் நாறும்பூநாதர் தலையச் சாச்சுக் கேட்டாராம். பெரியப்பா மெசேஜ் வந்தா சாமி நிமிந்து உக்காந்துருவாரு போல

கோமதி அத்தை: 😂😂

கோமதி அத்தை: சாமி விசயத்துல வெளாட்டு வேண்டாம்ல

முருகேசன் சித்தப்பா: பாகம் பிரிச்சதப் பத்தி இப்பம் என்ன பேச்சு

கணேஷ்: சித்தப்பா வந்தாச்சு 🙏 சாவி மட்டும்

முருகேசன் சித்தப்பா: யாரு தோப்புக்கு யாருல தேதி குறிக்கது

சங்கரன் பெரியப்பா: படித்துறையும் மோட்டார் ரூமும் உன் பாகம், இல்லன்னு சொல்லல. ரோட்டுல இருந்து அங்க போற பாதை யாரு பாகத்துல கெடக்குன்னும் ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டா நல்லது.

கணேஷ்: நடுவுல எங்க அப்பா பாகம். வெள்ளம் கொண்டாந்து போட்ட மணலு. அதுல யாரு வேணா நடந்துக்கிடுங்க

செல்வி மதினி: 😄

வேலு அத்தான்: இங்க மிச்சிகன்ல ஹியூரான் ஆத்துல இதே மாதிரி 104 மைலுக்குத் தடம் இருக்கு. 2015ல தேசிய நீர்த்தடம்னு அறிவிச்சாங்க. அதுலயும் ஊடால ஊடால அணை இருக்கு, அங்க எறங்கி படகத் தூக்கிட்டு கரையோட நடந்து அணையத் தாண்டி மறுபடி எறக்கணும். நம்ம ஆத்துல அப்படிப் பண்ணலாமே, ஏன் நம்ம தோப்போட நிப்பாட்டணும்?

கோமதி அத்தை: வேலு சாப்ட்டியாப்பா அங்க மணி என்ன

வேலு அத்தான்: காலைல 9 மணிம்மா. சாப்ட்டேன்

கோமதி அத்தை: என்ன சாப்ட்ட

கணேஷ்: அத்தான், அணைக்கட்டுக்குக் கீழ எறக்குததுக்கு எடம் பாக்கல. இப்போதைக்கு தோப்போட சரி

சங்கரன் பெரியப்பா: பாக்கவும் வேண்டாம். வேலு, நீ கேட்டதுனால சொல்லுதேன். அணைக்கட்டுக்கு மேல இருந்து வாரவனுக்கு தண்ணி சமமாத் தெரியும், முன்னால ஒரு கோடு மட்டும் தெரியும், அதுக்கு அங்கிட்டு ஆறு இருக்க மாதிரியே தெரியும், விழுகுத சத்தம் கேக்கும்போது ரொம்பக் கிட்ட வந்துருப்பான். மேல இருந்து விழுகுத தண்ணி அடில போயி மேல வந்து திரும்ப செவத்துப் பக்கமே இழுக்கும். கட்டையப் போட்டுப் பாரு, அங்கனயே முங்கி முங்கி உருண்டுக்கிட்டு கெடக்கும், கீழ போவாது. ஆளு விழுந்தாலும் அதே கததான், நீச்சல் தெரிஞ்சவன் தெரியாதவன்னு கணக்கு கெடையாது. வேலைல இருந்த காலத்துல நான் கண்ணால பாத்துருக்கேன், யாருன்னு இங்க சொல்ல வேண்டாம். அதனால கடைசியா எறங்குத எடம் நம்ம படித்துறைதான், அதத் தாண்டி ஒருத்தனும் போகக்கூடாது, அதுக்குத்தான் போர்டு எழுதி வைக்கச் சொன்னேன். வச்சீங்களா?

கணேஷ்: வச்சோம் பெரியப்பா. "நிறுத்து. முன்னால் அணைக்கட்டு. இடது கரையில் இறங்கவும்"னு தகரத்துல செவப்பு பெயிண்ட்ல. மறுவாரம் பாத்தா கம்பு மட்டும் நிக்குது

இசக்கி: (போட்டோ)

இசக்கி: கோழிக்கூடு. எங்க வீடு

கோமதி அத்தை: அய்யோ முருகேசா

செல்வி மதினி: "முன்னால் அணைக்கட்டு" மட்டும் நல்லாத் தெரியுது 😂

முருகேசன் சித்தப்பா: காத்துக்கு விழுந்து கெடந்துச்சு. எடுத்து வச்சேன்

முருகேசன் சித்தப்பா: ஏல இசக்கி வீட்டுக்கு வா

இசக்கி: நான் சென்னைல இருக்கேன்பா, அது அம்மா அனுப்புன போட்டோ

சனிக்கிழமை

கோமதி அத்தை: காலை வணக்கம் 🌺 சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போன வேன் காசு இன்னும் மூணு பேரு தரல. பேரு சொல்ல வச்சிராதீங்க

இசக்கி: இங்க ஆத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்த்த

கோமதி அத்தை: ஆறும் அங்கன இருந்துதான வருது. காச அனுப்பு

கணேஷ்: (போட்டோ)

கணேஷ்: நான் சொன்ன மருதமரம் இதான். வேர்ப்பக்கம் பாருங்க, பூரா சேலையும் வேட்டியும். ஆடி அமாவாசைக்கு விட்டதா அதுக்கு முன்னால விட்டதா தெரியல, பாபநாசத்துல பரிகாரம்னு விடுததுல எடுத்தது போக மிச்சம் கீழதான வருது. நேத்து ஒண்ண இழுத்துப் பாத்தோம், மடிப்புக்குள்ள மணலு ரொம்பி கல்லா கனக்கு, பச்சை பார்டர் ஒரு முழம் மட்டும் வெளிய நிக்கு, மிச்சம் பூரா வேருக்குள்ள போயி பின்னிக்கிட்டு. துடுப்பு மாட்டினா அம்புட்டுதான், படகு சாஞ்சிரும். அரிவாளால அறுத்து அறுத்துத்தான் எடுக்கணும், கத்திரி வேலைக்கு ஆவாது. பழைய அரிவாள் இருக்கவங்க கொண்டு வாங்க

செல்வி மதினி: ஐயோ, இத இப்படி விடலாமா

இசக்கி: தாத்தாவுக்கு நாமளும் விட்டோம்லா மதினி

முருகேசன் சித்தப்பா: அது சாங்கியம்

கோமதி அத்தை: ஆச்சி சொல்லுதா, அப்பம்லாம் ஒரு துண்டுதான் விடுவாங்களாம், இப்பம் கடைல செட்டா விக்கான்னு

முருகேசன் சித்தப்பா: அந்த மரத்த எப்பம் வெட்டுதீங்க. எனக்கு ரெண்டு தடி வேணும், வாசல் நிலை மாத்தணும்

கணேஷ்: வெட்டல சித்தப்பா, கழிக்கோம். ஒரு ஓரமா வழி விட்டுட்டு மிச்சத்த அப்படியே போட்டுருவோம். மரத்தடிலதான் மீனு ஒதுங்கும், நீர்நாயும் அங்கன வருதுன்னு வலை போடுதவங்க சொல்லுதாங்க

முருகேசன் சித்தப்பா: நீர்நாய்க்கு நிலை கெடையாது. எனக்கு வேணும்

சங்கரன் பெரியப்பா: ஆத்துப் பொறம்போக்குல விழுந்த மரம் அரசாங்க மரம். எவனும் தடி எடுக்க முடியாது. கொப்பக் கழிக்கதுக்கே விஏஓட்ட ஒரு வார்த்தை, நீர்வளத்துறைல ஒரு மனு. எங்க காலத்துல பொதுப்பணித்துறைல எல்லாம் ஒண்ணா இருந்துச்சு, 2021ல நீர்வளத்துறைன்னு தனியாப் பிரிச்சிட்டான். மனு கொடுத்தாச்சால்ல கணேசா?

கணேஷ்: கொடுத்தாச்சு. வாயால சரின்னுட்டாங்க, எழுத்துல வரல

சங்கரன் பெரியப்பா: எழுத்துல வராம கொப்புல அரிவாள வைக்காத. துணிய மட்டும் எடு.

கணேஷ்: 👍 அப்பம் நாளைக்கு துணி மட்டும், கொப்பு பொறவு

வேலு அத்தான்: நான் தைல வாரேன், தைப்பூசத்துக்கு. அப்போ திருப்புடைமருதூர்ல இருந்து ஒரு நடை போகலாம்ல?

கணேஷ்: தைல கஷ்டம் அத்தான். நாரை கூடு கட்டுத நேரம். அங்க 2005ல இருந்தே பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி, ஊர்க்காரங்க வெடி கூட போடுததில்ல, நாம போயி படகு விட்டா நல்லாருக்காது. குஞ்சு பறந்து போனதுக்கு அப்புறம்தான் மேப்பகுதி. முக்கூடலுக்குக் கீழ வேணா பாப்போம்

கோமதி அத்தை: அவன் வாரதே ரெண்டு வாரம். நாரை நாளைக்கும் இருக்கும்

வேலு அத்தான்: பரவால்லம்மா. பாப்போம்

செல்வி மதினி: லைஃப் ஜாக்கெட் எத்தன இருக்கு? அது இல்லாம எங்க வீட்டு ஆளு எவரும் படகுல ஏற மாட்டாங்க, இப்பவே சொல்லிட்டேன்

கணேஷ்: எல்லாருக்கும் இருக்கு மதினி. பிள்ளையளுக்கு கரைல வேலை, சாக்குல துணி கட்டுதது. உறைகிணத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது, பழைய பைப்பு கம்பி எல்லாம் தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு, மேல இருந்து பாத்தாத் தெரியாது. காலைல வந்ததும் படித்துறைல மூணாவது படி தெரியுதான்னு பாப்போம். தெரிஞ்சா எறங்குவோம். முங்கிட்டுன்னா கரைவேலை மட்டும்

சங்கரன் பெரியப்பா: மூணு இல்ல நாலு. வெள்ளத்துல ஒரு படி மண்ணுக்குள்ள போயிட்டு, நீ எண்ணுதது ரெண்டாவதுல இருந்து. 92 வெள்ளத்துலயும் இப்படித்தான்

இசக்கி: ஆரம்பிச்சிட்டாரு

சங்கரன் பெரியப்பா: அந்தப் படில பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு விடுங்க. எண்ண வேண்டிய சோலியே இல்ல.

கணேஷ்: இது நல்ல ஐடியா பெரியப்பா

கோமதி அத்தை: மத்தியானத்துக்கு எத்தன பேரு? கூட்டாஞ்சோறு போட்டுருதேன். முருங்கைக்கீரை சங்கரண்ணன் தோட்டத்துல, கத்திரிக்கா முருகேசன்

முருகேசன் சித்தப்பா: கத்திரிக்கா தாரேன்

கணேஷ்: சித்தப்பா சாவி?

முருகேசன் சித்தப்பா: சாவி ஆணில தொங்குது. உங்க சித்திட்ட வாங்கிக்கிடு. ரூம்ல ஓரமா வச்சிக்கிடுங்க, மோட்டார் மேல சாய்க்கக்கூடாது. ஒரு மாசம்தான்

கணேஷ்: ரொம்ப நன்றி சித்தப்பா 🙏🙏 பெரியப்பா, பாதை?

இசக்கி: ரெண்டு நீல டிக் வந்துட்டு

செல்வி மதினி: மாமா கோயிலுக்குப் போயிருக்காங்க

கணேஷ்: சித்தப்பா அந்த போர்டும் வேணும்

முருகேசன் சித்தப்பா: கோழி அடைகாக்கு. குஞ்சு பொரிக்கட்டும்

இசக்கி: அப்பம் நாரைக்கு ஒரு சட்டம் கோழிக்கு ஒரு சட்டமா

செல்வி மதினி: எண்ணெய் டின்னு ஒண்ணு இருக்கு தம்பி, வெட்டி விரிச்சா போர்டு ஆயிரும். பெயிண்ட் இருக்கா

கணேஷ்: இருக்கு மதினி, காலைல வந்து வாங்கிக்கிடுதேன்

கோமதி அத்தை: எத்தன பேருன்னு கேட்டேனே யாராவது சொன்னீங்களா. அரிசி ஊறப் போடணும்