சுபான்ஷு சுக்லா மேலே போன அந்த நாட்கள்: உங்கள் அனுபவம்?

ஆற்றங்கரை:
சுக்லாவையும் இன்னும் மூன்று பேரையும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன ஆக்சியம்-4 பயணம் பற்றி எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூன் 11-க்கு லீவு போட்டு ஃபுளோரிடாவில், ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் டைட்டஸ்வில் வரை வந்தேன். ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு என்று தள்ளிவைத்துவிட்டார்கள், பயணம் வீண். 25-ஆம் தேதி மறுபடி போனேன். இங்கே ராத்திரி 2.31, ஊரில் பகல் 12.01. அப்பா டிவி முன்னால். போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். அக்கரையில் வெளிச்சம் எழும்பி ஆற்றுத் தண்ணீர் முழுக்க ஆரஞ்சு ஆனது. சத்தமே இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் உறுமல் வந்து நெஞ்சில் அதிர்ந்தது. எல்லாம் அடங்கி, கூட்டம் கலைய ஆரம்பித்தபோது திடீரென்று 'டம், டம்' என்று வெடிச் சத்தம். "அய்யோ!" என்று கத்திவிட்டேன். ராக்கெட்டின் கீழ்ப்பகுதி ஒலியை மிஞ்சிய வேகத்தில் தரையிறங்கத் திரும்பும்போது வரும் சத்தம் அது என்று பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரிந்தது. போனைக் காதில் வைத்தால் அப்பாவிடம் பேச்சே இல்லை. 2003-இல் விண்கலம் உடைந்து கல்பனா சாவ்லா இறந்த செய்தியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. அந்தச் சில நொடி அவருக்கு எப்படி இருந்தது என்று இதுவரை கேட்கவில்லை.

பழைய பிளான்ட்காரன்:
'வீண்' என்ற சொல்லை ஏற்க மாட்டேன் தம்பி. நான் ஆக்சிஜன் பிளான்ட்டில் இருந்தவன். ஒரு வால்வைச் சோப்பு நுரை போட்டுப் பார்த்தோம், ஒரு குமிழி இல்லை. திரவ ஆக்சிஜன் ஏற்றியதும் அதே இடத்தில் வெண்புகை. மைனஸ் 183 டிகிரியில் உலோகம் சுருங்கும். வெயிலில் மூடியிருந்த இடைவெளி குளிரில் திறந்துகொள்ளும். அதனால்தான் இஸ்ரோ குழு, கசிவைச் சரிசெய்துவிட்டு, தாழ்ந்த வெப்பநிலையிலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. தலைவர் நாராயணன் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், இப்படிக் கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினோடேயே வாழ்ந்தவர். உள்ளே நாலு பேர் உட்காரப் போகிறார்கள். அதற்குப் பிறகு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவுப் பிரச்சினை வேறு வந்தது. இரண்டு வாரம் என்ன, இரண்டு மாதம் தள்ளினாலும் தள்ளட்டும். அடுத்த முறை யாரும் திரும்பி வரும் டிக்கெட்டை முன்கூட்டியே போடாதீர்கள்.

மொட்டைமாடி, திருப்பூர்:
நான் ஃபுளோரிடா எல்லாம் போகவில்லை. ஜூலையில் ஒரு சாயங்காலம், பனியன் கம்பெனி மாடி. என் பக்கத்து மெஷினில் தைக்கும் பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இரண்டு வருஷம் சேர்ந்து வேலை செய்கிறோம்; அவனுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்கு இந்தி சுத்தமாக வராது. பளிச்சென்று ஒரு புள்ளி நகர்ந்து வந்தது. விரலை நீட்டி, "அண்ணா, எங்க ஊர்க்காரர்" என்றான். சுக்லாவின் லக்னோ! அவன் எந்த ஊர் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. விரலில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது, அதை இறக்கவே இல்லை. பாதி வானத்தில் புள்ளி மேகத்தில் மறைந்துவிட்டது.

மும்பை மழை:
மேகமாக இருக்காது சார். நிலையத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியத் தகடுகளில் படும் வெயில்தான் நமக்குத் தெரிகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் அணைந்த மாதிரி ஆகிவிடும். பார்க்க நினைப்பவர்களுக்கு: பொழுது சாய்ந்தபின் அல்லது விடிவதற்கு முன், மேற்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள். மினுக்கினால் விமானம். நிலையம் மினுக்காது, அதிகபட்சம் ஆறு நிமிடம். நாசாவின் செயலியில் உங்கள் ஊருக்கான நேரம் வரும். போனில் படம் எடுக்கிறேன் என்று குனிந்தீர்களானால் போச்சு. 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம், நிற்காது.
என் கதை சின்னது. 1984-இல் ராகேஷ் சர்மா சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்-7-க்குப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. 41 வருஷம் காத்திருந்தேன். சுக்லா அங்கே இருந்த 18 நாளும் தினம் மாடி ஏறினேன். ஒரு நாள்கூட வானம் திறக்கவில்லை.

ஆற்றங்கரை:
இன்று அப்பாவிடம் கேட்டேன். "ராக்கெட் நல்லாப் போறது டிவியில தெரிஞ்சுதுடா. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு நினைச்சேன்."