நியூட்ரோபில் (ஒருவகை வெள்ளையணு) குறைந்தவர்களுக்குக் கீமோ நன்றாக வேலை செய்கிறதா? கணக்கிட உதவி தேவை

நுரையீரல் புற்றுநோய்க்கு 21 நாளுக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் என்ற இரு கீமோ மருந்துகள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் 1,000-க்குக் கீழே போனால் இறக்கத்தின் தீவிரம் தரம் 3, 500-க்குக் கீழே தரம் 4. இப்படி இறங்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் இதுதான்: நீண்டநாள் பிழைத்தவருக்குத்தான் அதிகச் சுற்றுகள் கிடைக்கும், இறக்கம் கண்ணில் படவும் வாய்ப்பு அதிகம். அப்படியே ஒப்பிட்டால் இல்லாத நன்மை தெரியும் (பலரும் சறுக்கும் இடம்). எனவே 42-ஆம் நாளை எல்லைக்கோடாக வைத்து, அன்று உயிரோடு இருப்பவர்களை மட்டும் அதற்குள் இறக்கம் வந்தவர், வராதவர் என்று பிரித்து, அங்கிருந்து நாள் எண்ண உத்தேசம்.

முதல் சுற்றிலேயே ஜி-சிஎஸ்எஃப் (நியூட்ரோபிலைக் கூட்டும் மருந்து) ஊசி போட்டவர்களை நீக்குவதா, தனிப் பிரிவாக வைப்பதா? அடுத்த சுற்றுக்கு முன்பு மட்டும் ரத்தம் பார்த்தவர்களிடம் நடுவில் வந்த இறக்கம் தவறியிருக்கும்; அவர்களை 'இறக்கம் இல்லை' என்று சேர்க்க மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?