கடலூர் மொட்டைமாடியில் ஒரு இளம் நட்சத்திரம்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு அங்குல டெலஸ்கோப்பை வைத்து நான் விடாமல் பார்த்துவரும் நட்சத்திரம், ஆரிகா என்ற நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் ஆர்.டபிள்யூ. ஆரிகே. நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. இது பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. சுற்றிலும் வாயுவும் தூசியும் வட்டாகச் சுழல, அதிலிருந்து பொருள் இன்னும் அதன்மேல் வந்து விழுகிறது.

அந்த வட்டு என் டெலஸ்கோப்பில் தெரியாது, புள்ளிதான் தெரியும். ஆனால் அந்தப் புள்ளியின் வெளிச்சம் ஒரே மாதிரி நிற்பதில்லை. நேற்றுப் பக்கத்து நட்சத்திரத்தைவிடப் பளிச்சென்று இருந்தது, இன்று அதற்குக் கீழே இறங்கியிருக்கும். வெளிச்சம் மாறாத இரண்டு நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவில் இது எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே கணித்து நோட்டில் எழுதிவிடுவேன்.

ஒருநாள் மாமனார் மேலே வந்து பார்த்தார். “ஒண்ணுமே இல்லியேம்மா, புள்ளிதான இருக்கு?”

“அந்தப் புள்ளிமேல வாயு கொட்டிக்கிட்டே இருக்கு மாமா.”

“எவ்வளவு கொட்டும்?”

நல்ல கேள்வி. இந்த மாதிரி இளம் நட்சத்திரங்களில் ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்துக் கோடியில் ஒரு பங்கு விழுவது சாதாரணம். அதாவது நான்கு ஆண்டுக்குள் நம் நிலா அளவு. வட்டின் உள்விளிம்பை நட்சத்திரத்தின் காந்தப்புலம் தடுத்து நிறுத்துகிறது. அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் மேற்பரப்பில் மோதும். மோதிய இடம் கொதித்து ஒளிரும். வரத்து சீராக இல்லாததால்தான் அந்தத் துடிப்பு. அன்றிலிருந்து மாமா இரவுச் சாப்பாடு முடிந்ததும், “இன்னிக்கு ஏறியிருக்கா, எறங்கியிருக்கா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இதற்குப் பெரிய சரிவுகளும் உண்டு. 2010இல் ஆறில் ஒரு பங்காக மங்கி, அரை ஆண்டு அப்படியே கிடந்தது. 2014க்குப் பிறகும் மங்கியது. தூசி குறுக்கே வந்து மறைத்திருக்க வேண்டும். நம் சுப்ரமணியன் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, இந்த நட்சத்திரத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமான இரும்பைக் கண்டதாக 2018இல் செய்தி வந்தது. கோள் ஆகவிருந்த பாறைகள் மோதிச் சிதறி, அந்தத் துகள்கள் உள்ளே விழுந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடலோர ஊர் என்றால் ஈரப்பதம்தான் தொல்லை. மார்கழியில் கண்வில்லை அடிக்கடி பனித்துவிடும். தை, மாசி மாலைகள் நல்லவை. தெற்கே தொழிற்பேட்டை, வடக்கே புதுச்சேரி என்று இரண்டு பக்கமும் வெளிச்சம் இருந்தாலும் அது அடிவானத்தோடு நின்றுவிடும். ஆரிகா மண்டலமோ தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே ஏறி நிற்கும். நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். பைனாகுலர் மட்டும் இருப்பவர்கள் அதே மண்டலத்தில் ஏபி ஆரிகேயைத் தேடலாம். அதுவும் வட்டோடு இருக்கிற இளசுதான், இதைவிடப் பளிச்சென்று தெரியும்.