மயோமெக்டமியில் ரத்த இழப்பு: வாசோபிரசினோடு கர்ப்பப்பையில் கட்டும் போடுகிறீர்களா?

மகப்பேறு மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். நோயாளிக்கு 32 வயது, குழந்தை இல்லை. கர்ப்பப்பை முன்சுவருக்குள் 9 செ.மீ. ஃபைப்ராய்டு (தசைக்கட்டி), ஹீமோகுளோபின் 8. வயிற்றைத் திறந்து மயோமெக்டமி (கர்ப்பப்பையை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை) செய்யத் திட்டம். அவசரமில்லாத கேஸ் என்பதால், சிரைவழி இரும்புச்சத்து கொடுத்து 11-க்கு மேல் ஏறிய பிறகுதான் கத்தி வைப்போம்.

அறுவைக்கு 1 மணி நேரம் முன் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மிசோப்ரோஸ்டால் 400 மைக்ரோகிராம், தொடங்கும்போது ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் வாசோபிரசின் 20 யூனிட்டை 100 மி.லி. சலைனில் கலந்து, கட்டியின் மேலுள்ள தசையில் ஏற்றுவோம். ஒவ்வொரு குத்துக்கும் சிரிஞ்சை இழுத்துப் பார்த்தாக வேண்டும். ரத்தக் குழாய்க்குள் போனால் இதயத் துடிப்பு சட்டென விழும், நின்றும் போகலாம். மயக்க மருத்துவருக்கு முன்பே சொல்லிவிடுவோம்.

என் கேள்வி: இதோடு கர்ப்பப்பைக் கழுத்துக்குச் சற்று மேலே ரத்த ஓட்டத்தைத் தடுக்க ஃபோலி குழாயால் (சிறுநீர் வடிக்கும் ரப்பர் குழாய்) இறுக்கிக் கட்டுகிறீர்களா? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்துகிறீர்கள்? மருந்தின் வேகம் தணிந்தபின், கட்டியை எடுத்த குழிக்குள் கசிந்து ரத்தம் கட்டிக்கொள்வதுதான் என் பயம். அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தழும்பு தாங்க வேண்டுமே. 1-0 விக்ரிலால் (தானே கரையும் தையல் நூல்) இரண்டு மூன்று அடுக்காகத் தைத்து, குழாய்க் கட்டை அவிழ்த்து ரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டே வயிற்றை மூட நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் சொல்லுங்கள்.