பணமா, காதலா என்று நான் எழுதிப் பார்த்த தாள்

என் 30ஆவது வயதில், நான்கு ஆண்டுகள் காதலித்தவரைப் பிரிந்தேன். அவருடைய வருமானம் என்னுடையதில் பாதிதான் என்பது எங்களை அறிந்த எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், பணத்துக்காகத்தான் அவரைக் கைவிட்டேன் என்று இன்றளவும் பலர் நம்புகிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. ஏனென்றால், அவருக்கு வருமானம் குறைவு என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்து, நன்கு யோசித்து, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை என்று முடிவு செய்தவள் நான்.

அந்த முடிவுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஓர் இரவு ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் இருவரின் சம்பளம், வாடகை, பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியது, சேமிப்பு ஆகியவற்றை எழுதினேன். வலப்பக்கம் அவரிடம் எனக்குப் பிடித்தவற்றை எழுதினேன்: நான் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் வேலை முடிந்து நேரே வந்து, தொந்தரவு செய்யாமல் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது, நான் கோபத்தில் சொன்ன எதையும் மறுநாள் திரும்ப எடுக்காதது. இடப்பக்கக் கணக்கு இறுக்கமாக இருந்தாலும் சரிக்கட்டி வந்தது. தனித்தனியே வாழ்ந்தால் இரண்டு வாடகை, சேர்ந்து வாழ்ந்தால் ஒன்று என்பதே பற்றாக்குறையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தத் தாளில் வராத ஒன்று அவருடைய கைப்பேசியில் இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது திரை ஒளிர்ந்தால், அவர் அதைக் கவிழ்த்து வைப்பார். பதறிப்போய்ச் செய்ய மாட்டார். ஒரு விரலால் மெதுவாகத் திருப்பி, அதன்மேல் சாவிக்கொத்தை எடுத்து வைப்பார். வேறொரு பெண் இருக்கிறாளோ என்றுகூட நான் சந்தேகப்பட்டதுண்டு. கடைசியில், வீட்டுக் கடனுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நண்பர் ஒருவரின் தொழிலுக்காக அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் கட்டாமல் விட்டதும் அந்தக் கடன் இவர் தலையில் விழுந்தது. அதைச் சமாளிக்கக் கிரெடிட் கார்டுகளில் பணம் எடுத்து, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருந்தார். அப்படிக் கட்டும் பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் குறைவதே கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் அந்தக் கணக்கைப் பார்த்தபோது, மொத்தக் கடன் அவருடைய ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது.

அந்தத் தொகையைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். "உன் கண்ணில் தாழ்ந்துபோவேனோ என்று பயந்தேன்" என்று அவர் சொன்னபோது அவர்மேல் இரக்கமே வந்தது. சேர்ந்தே கட்டி முடிக்கலாம் என்று சொல்லி, எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னேன். வட்டி அதிகமானதை முதலில் அடைப்பது என்று வரிசையும் போட்டோம். நான்கு மாதம் கழித்து, அந்த நோட்டில் எழுதப்படாத இன்னொரு கடன் தெரியவந்தது. அன்றுதான் பிரிந்தேன்.

பணம் குறித்த கருத்து வேறுபாடுகள், தம்பதியரிடையே வழக்கமாக எழும் மற்றக் கருத்து வேறுபாடுகளைவிட மணமுறிவோடு வலுவான தொடர்பு கொண்டவை என்று ஜெஃப்ரி டியூவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னாளில் படித்தேன். எங்களுக்குள் பணத்துக்காக ஒரு சண்டைகூட நடந்ததில்லையே என்று அப்போது உறைத்தது. சண்டை போடவும் அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது அனுபவம், ஓர் ஆணுடையது

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. நான் எதையும் மறைக்கவில்லை; மறைக்காததாலேயே மறுக்கப்பட்டேன். "உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால், 19 வயதிலிருந்து குடும்பத்தைச் சுமக்கிறேன். மாதக் கடைசியில் சில்லறையை எண்ணும் வாழ்க்கைக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது" என்று நான் விரும்பிய பெண் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். காதல் இருந்தும் பணம் வென்றுவிட்டதாக எண்ணி, ஓராண்டுக்கு மேல் கசப்போடு திரிந்தேன்.

அந்தக் கசப்புக்குத் தீனி போட எனக்கு ஓர் ஆய்வும் கிடைத்தது. டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட அந்த ஆய்வில், 37 பண்பாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் துணையிடம் எதிர்பார்ப்பவை பற்றிக் கேட்டிருந்தார்கள்; பொருளீட்டும் திறனுக்கு ஆண்களைவிடப் பெண்களே பொதுவாகக் கூடுதல் மதிப்பளித்திருந்தார்கள். அதை நண்பர்களிடமெல்லாம் காட்டி, பெண்களே இப்படித்தான் என்று பேசித் திரிந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகு, ஈஸ்ட்விக், ஃபிங்கெல் இருவரும் 2008இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைப் படித்தேன். துணை தேடுவோர் ஒருவரையொருவர் சில நிமிடங்கள் மட்டும் பார்த்துப் பேசும் குறுகிய நேரச் சந்திப்புகளில் கலந்துகொண்ட மாணவர்கள், தோற்றத்தையும் வருமான வாய்ப்பையும் பற்றி முன்கூட்டியே சொன்ன விருப்பங்கள், நேரில் அவர்கள் யார்பால் ஈர்க்கப்பட்டார்கள் என்பதோடு பெரிதாக ஒத்துப்போகவில்லை. மனிதர்கள் எழுதிக் கொடுக்கும் விருப்பம் வேறு, எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தபின் மனம் போகும் போக்கு வேறு என்று எனக்குப் புரிந்தது. அவர் மனம் என்னிடம் வந்துதான் இருந்தது. அதைத் தடுத்தது பேராசை என்று இனியும் என்னால் சொல்ல முடியவில்லை. பத்தாண்டுகள் ஒரு வீட்டைத் தாங்கியவருக்கு, இன்னொரு சுமையின் எடை தூக்கிப் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

பிற்பாடு என் மனைவியாகப் போகிறவரை மூன்றாவது முறை சந்தித்தபோது, என் சம்பளத்தையும் கட்டி முடிக்காத கல்விக் கடனையும் நானே சொல்லிவிட்டேன். மறுபடியும் மறுக்கப்படுவேன் என்று உள்ளங்கை வியர்த்தது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்முடைய கடன் எவ்வளவு என்று சொன்னார். அது என்னுடையதைவிடப் பெரியது.

மூன்றாவது அனுபவம், ஒரு பெண்ணுடையது

நான் பணத்தைப் பார்த்தே திருமணம் செய்துகொண்டவள். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. வறுமையில் வளர்ந்தவர்கள் நிலையான வருமானத்தைத் தேடுவதைக் காதலுக்குச் செய்யும் துரோகமாகப் பேசுவது நியாயமல்ல என்று உறுதியாக நம்புகிறேன். மணம் பேசிய காலத்திலேயே, உங்கள் வேலையும் ஒரு காரணம் என்று அவரிடம் சொன்னேன். காரணங்களில் அது எத்தனையாவது என்று கேட்டார். இரண்டாவது என்றேன். முதலாவது எது என்றார். இப்படிச் சொன்ன பிறகும் நீங்கள் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பது என்றேன்.

திருமணமான 9ஆம் ஆண்டில் அவருக்கு வேலை போயிற்று. அன்று மாலை காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "உன் இரண்டாவது காரணம் இன்றோடு போய்விட்டது" என்றார். அத்தனை ஆண்டுகளும் அவர் அதை மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே அழைத்து உட்கார வைத்து, கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று இருவரும் தனித்தனியே கூட்டிப் பார்த்தோம். அவருக்கு ஆறு வந்தது, எனக்கு ஏழு வந்தது. அவர் விட்டுவிட்ட ஒரு சிறு சேமிப்பைக் காட்டியதும், பேனாவை வாங்கி ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார்.