பிஎச்பி ஷார்ட் டேக் மாத்தோணும், வழி சொல்லுங்க
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியோட பழைய பிஎச்பி சைட்டைப் புது சர்வருக்கு மாத்தறோம். பிஎச்பி கோடு ஆரம்பிக்கற இடத்துல <?php-ன்னு முழு டேக் போடாம, பூராவும் வெறும் <? (ஷார்ட் டேக்) போட்டே எழுதி வெச்சிருக்காங்க. புது சர்வர்ல ஷார்ட் டேக் ஆஃப். அதனால கோடு ஓடாம அப்படியே எழுத்தா பிரவுசருக்குப் போகுது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட! ஆன் பண்ணினா, எக்ஸ்எம்எல் அறிவிப்பும் <?-லதானே ஆரம்பிக்குது, அதையும் பிஎச்பின்னு எடுத்துட்டு பார்ஸ் எரர் காட்டுது. அந்த அறிவிப்போட ஆரம்பிக்கற எக்ஸ்எச்டிஎம்எல் பக்கம் வேற நெறைய இருக்குதுங்க.

<?= (மதிப்பை நேரா பக்கத்துல காட்டற டேக்) பத்திக் கவலையில்லை, பிஎச்பி 5.4ல இருந்து செட்டிங் எப்படி இருந்தாலும் ஓடும்.

மிச்சத்தை முழு டேக்கா மாத்தோணும். சும்மா ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டா எக்ஸ்எம்எல் வரியும் சேர்ந்து கெட்டுப்போகும். பிரிச்சு மாத்தற ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பை வெச்சுத் தேடற முறை), டூல் ஏதாச்சும் யாராவது பயன்படுத்தியிருக்கீங்களா? இல்ல, டோக்கனைசர் (கோடைத் துண்டு துண்டா பிரிச்சுக் காட்டற பிஎச்பி வசதி) வெச்சு நாமளே எழுதறதுதான் நல்லதுங்களா?